பொறியுணர்வும் உயிரறிவும்



கண் காண்கின்றது, செவி கேட்கின்றது என்று உலகர் கூறுவர். வழக்கிற்கு அவ்வளவே போதும். ஆயின், காண்பது கண்ணேயாயின், உயிர் நீங்கிய உடம்பிலும் கண் இருத்தலின் அதுவும் காணல் வேண்டும், காண்கின்றிலது. பண்டையாசிரியர் பலரும் எடுத்தாண்ட இவ்வெளிய நியாயத்திற்குப் பிற்காலத்தில் ஒரு புதுத் துணை கிடைத்தது. 1905-ஆம் ஆண்டில் எடுவார்டு சிர்ம் என்னும் மருத்துவர், இன்று செக் நாட்டிலுள்ள ஓலமவுட்ஸ் நகரில், ஒருவர் கண்ணினின்று எடுத்த கருவிழி மேற்படலத்தை மற்றொருவர் கண்ணிற் பொருத்திப் பார்வை பெறச்செய்தார். இந்நாளில் இறந்தோர் கண்களினின்று சில மணி நேரத்திற்குள் அப்படலத்தை எடுத்து இருப்போர் கண்ணில் வைத்தல் ஊர்தோறும் நிகழ்கின்றது. ஒருவர் மாட்டுக் காணாதொழிந்த உறுப்பு, மற்றொருவர் மாட்டுச் சென்று காண்டற்குத் துணையாகின்றது. உறுப்பு மாறவில்லை, அதனைக் கருவியாக உடையாரே மாறினர். தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரை வழிபடும் சைவ மக்கள் இக்கொடையின் அருமையை எளிதின் உணர்வர்.

இதனைக் கொண்டே 'உயிர் உண்டு என்பது நிறுவப்பட்டது' என்று ஒருவர் துள்ளுவாராயின், அது நேர்மையன்று. மாற்றப்படுவது கண்ணின் முகப்பிலுள்ள கண்ணாடி போன்ற படலமேயன்றி, ஒளியை ஏற்கும் திரையன்று. மூளையிற் செல்லும் நரம்புமன்று. வாயிற்கதவை மாற்றியதால் வீட்டினுள் இருப்பவர் யார் என்பது தெளிந்துவிடாது. ஆதலின், வாயிலினின்று உள்ளே புகுந்து, ஒரு பொருள் உணரப்படுங்கால் யாது நிகழ்கின்றது என்பதைப் படிப்படியாகக் காணல் வேண்டும்.

சித்தாந்த நூல்கள் இவ்வாராய்ச்சிக்கு வகுத்துக்கொண்ட பாகுபாடு நுட்பமானது. கண், செவி முதலியனவாகப் புறத்தே தோன்றும் உறுப்பு வேறு. அவ்வுறுப்பை இடமாகக் கொண்டு நிற்கும் இந்திரியம் வேறு. இந்திரியத்திற்கு விடயமாகிய ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் என்னும் புலன்கள் வேறு. இந்திரியம் கவர்ந்ததைப் பற்றி ஐயுறும் மனமும், 'யான் இதனை அறிவேன்' என்று எழும் அகங்காரமும், இன்னதே என்று துணியும் புத்தியும், சிந்திக்கும் சித்தமும் ஆகிய அந்தக்கரணங்கள் வேறு. இவற்றையெல்லாம் கருவியாகக் கொண்டு அறியும் ஆன்மா இவை எல்லாவற்றிற்கும் வேறு. உடம்பே ஆன்மா என்பாரும், இந்திரியமே ஆன்மா என்பாரும், அந்தக்கரணமே ஆன்மா என்பாரும் பண்டே இருந்தனர். மெய்கண்ட தேவர் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் மூன்றாம் நான்காம் சூத்திரங்களில் அவர்தம் கொள்கைகளை ஒவ்வொன்றாக மறுத்தருளினார். இக்காலத்தில் மூளையே அறிவு என்பாரும் அவ்வரிசையிற் கடைசியாக வந்து நிற்பவரே. புதுமை அவர்தம் கருவிகளில் உண்டு, வினாவில் இல்லை.

ஒளி கண்ணினுட் புகுந்து விழித்திரையின்மேல் விழுகின்றது. அங்குக் கோல் வடிவும் கூம்பு வடிவுமாகிய நுண்ணணுக்கள் கோடிக்கணக்கில் உள; மங்கிய ஒளியை அறிதற்கு உதவும் கோல்கள் ஏறத்தாழ 10 கோடி, நிறத்தை அறிதற்கு உதவும் கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம். இவை அனைத்தின் செய்தியையும் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளே கொண்ட ஒரு நரம்பு மூளைக்குக் கொண்டுசெல்கின்றது. எனவே, கண்ணிற் பட்டதெல்லாம் அவ்வாறே உள்ளே செல்வதில்லை. கண்ணிலேயே தொகுப்பும் விலக்கும் நிகழ்ந்துவிடுகின்றன. செவியின் நிலையும் அதுவே. நத்தையோடு போன்ற உட்செவியில், ஓசையை நரம்பிற்கு உணர்த்தும் மயிரணுக்கள் ஒரு செவிக்கு ஏறத்தாழ 3,500 தாம் உள. அவை ஒருகால் அழியின் மனிதரிடத்து மீள முளைப்பதில்லை. நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஓசையே மனிதச் செவிக்கு எல்லை. அதற்கு மேற்பட்டதை வௌவால் கேட்கும், மனிதன் கேளான். பொறிகள் காட்டுவன எல்லைப்பட்டன என்பது பண்டே ஒப்புக்கொள்ளப்பட்டதாகலின் இதில் வியத்தற்கு ஒன்றுமில்லை.

வியத்தற்குரியது நரம்பினுள் நிகழ்வதாம். எட்கர் ஏட்ரியன் என்னும் ஆங்கில அறிஞர் 1920-களில் ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின் துடிப்பைக் கருவியாற் பெருக்கி அளந்தார். அதன்பொருட்டு 1932-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அவர் கண்டது யாதெனின், ஓரிழையில் ஓடும் துடிப்புக்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவின; மெல்லத் தொட்டாலும் வன்மையாக அழுத்தினாலும் துடிப்பின் உருவம் மாறுவதில்லை, நொடிக்கு எத்தனை துடிப்பு என்னும் எண்ணிக்கையே மாறும் என்பது. கண்ணரம்பில் ஓடுவதும் செவிநரம்பில் ஓடுவதும் இத்தகைய துடிப்புக்களே. கண்ணரம்பின் துடிப்பிற் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. செவிநரம்பின் துடிப்பில் நாதமும் இல்லை. இதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே, ஜோகன்னஸ் முல்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர், எந்நரம்பு தூண்டப்பட்டது என்பதே உணர்வின் வகையை வரையறுக்கும், எதனால் தூண்டப்பட்டது என்பதன்று எனக் கூறினார். இருளிற் கண்ணை மூடி இமையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தின், அங்கு ஒளி யாதும் இல்லாதிருந்தும் ஓர் ஒளிவட்டம் தோன்றுதல் இதற்குச் சான்று.

நாவின்கண் நிகழும் மற்றொரு சான்று தமிழ்நாட்டார்க்கு நாள்தோறும் பழக்கமானது. மிளகாயைக் கடித்தவர் 'நாக்கு எரிகின்றது' என்பர். நெருப்பு இல்லாத இடத்தில் எரிவு எங்ஙனம் வந்தது? டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவர்தம் உடனாராய்ந்தோரும் 1997-இல் இதற்கு விடை கண்டனர். நரம்பு முனையில் ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட வெம்மையால் திறக்கும் ஒரு நுண்வாயில் உள்ளது. மிளகாயிலுள்ள காரச்சத்து அவ்வாயிலையே திறந்துவிடுகின்றது. வாயில் திறந்தது என்னும் செய்தி ஒன்றே உள்ளே செல்லுமன்றித் திறந்தது தீயோ மிளகாயோ என்பது செல்லாது. 2021-இல் ஜூலியசும், தொடுவுணர்வின் வாயில்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தமிழ் வழக்கு காரத்திற்கு 'எரிதல்' என்னும் சொல்லை வழங்கியது உவமை என்று எண்ணப்பட்டது. உடம்பின் கணக்கில் அது நேரிய சொல்லேயாம்.

ஆகவே பொறி தருவது பொருளையன்று, பொருளைப் பற்றிய ஒரு குறியை. அக்குறி பொருளுணர்வாக முதிர்வது பின்னரே. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் அளவையியலிற் காட்சியை ஆராயுமிடத்து, பொருளின் உண்மை மாத்திரம் தோன்றும் நிருவிகற்பக் காட்சியையும், பெயர் சாதி குணம் முதலியவற்றோடு தெளியும் சவிகற்பக் காட்சியையும் பிரித்தோதினமை ஈண்டு நினைக்கற்பாலது. தொலைவில் ஏதோ ஒன்று நிற்கின்றது என்பது முன்னையது. அது பனைமரம் என்பது பின்னையது. இவ்விரண்டன் இடையே ஐயமும் திரிபும் புகுதற்கு இடமுண்டு. இதனை ஐயுறுவார் ஒரு சிறு சோதனை செய்து காணலாம். வெள்ளைத் தாளில் நான்கு விரல் இடையிட்டு வலமும் இடமுமாக இரண்டு புள்ளிகளை வைத்து, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்புள்ளியையே உற்றுநோக்கித் தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தின், ஒரு சாணிற் சிறிது மிகையான தூரத்தில் வலப்புள்ளி மறைந்தொழியும். கண்ணரம்பு வெளிச்செல்லும் அவ்விடத்து ஒளியேற்கும் அணுக்கள் இல்லை. மறைதல் வியப்பன்று, மறைந்தவிடத்தில் ஓட்டை தோன்றாமல் வெண்மையான தாளே தோன்றுதல் வியப்பு. கண் காணாத இடத்தையும் உள்ளிருக்கும் கருவி கண்டதுபோல நிரப்பிக் காட்டுகின்றது. 'என் கண்ணாற் கண்டேன்' என்று சூளுரைக்கும் சாட்சிகள் இதனை அறிதல் நன்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். இக்கால அறிவியல் கண்டனவெல்லாம் முன்னரே நம் சாத்திரங்களில் உள என்று காட்டி மகிழும் வழக்கம் சிலரிடத்து வளர்ந்துள்ளது. தன்மாத்திரையை அணுவென்றும், அந்தக்கரணத்தை மூளையின் இன்ன மடிப்பென்றும் பொருத்துவது சாத்திரத்திற்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் உதவியன்று. கண்ணின் ஒளி புறத்தே சென்று பொருளைத் தொடுகின்றது என்று நையாயிகர் கொண்டனர். ஒளியே பொருளினின்று கண்ணிற்கு வருகின்றது என்பதை 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் நிலைநாட்டினார். பின்னையதே உண்மை. கண்ணொளி வெளிச்செல்லாமையால் ஆன்மா இல்லையென்று ஆகிவிடாது. முன்னோர் ஒரு பௌதிகச் செய்தியிற் பிழைத்தனர் என்று ஒப்புதலால் அவர்தம் தத்துவ நிச்சயம் தளர்வதும் இல்லை. தளரும் என்று அஞ்சுவோர் அந்நிச்சயத்தை எங்கு ஊன்றினர் என்பதே ஐயத்திற்குரியது.

இனி, துடிப்புக்கள் மூளையை அடைந்த பின்னர் நிகழ்வதைக் காண்க. அங்கு நிறத்தை ஆராயும் இடம் வேறு, அசைவை ஆராயும் இடம் வேறு, முகத்தை அடையாளம் காணும் இடம் வேறு. 1983-இல் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினர். மூளையின் ஒரு பகுதி நோயாற் பழுதுற்றமையின் அவர்க்கு நிறமும் வடிவும் தோன்றின, அசைவு மாத்திரம் தோன்றவில்லை. கிண்ணத்தில் தேநீரை ஊற்றுங்கால் அது உறைந்த பனிக்கட்டிபோல் நின்றமையால், நிரம்பியது அறியாது வழியவிடுவார். வீதியில் தொலைவிற் கண்ட வண்டி மறுகணம் அருகில் நிற்கும், வந்தது தோன்றாது. ஒரே காட்சி எனப்படுவது எத்தனை துண்டுகளால் ஆயது என்பதை இது காட்டும். இத்துண்டுகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடி ஒன்றாகும் ஓர் அறை மூளையினுள் உண்டோ எனத் தேடியோர் அத்தகையதொன்றைக் கண்டிலர். ஆயினும் காண்பானுக்கு உலகம் ஒன்றாகவே தோன்றுகின்றது. கோயிலில் திருமேனியைக் கண்டவனும், மணியோசையைக் கேட்டவனும், கற்பூரத்தை நுகர்ந்தவனும் ஒருவனே என்பதில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. ஒரு பொறி மற்றொரு பொறியின் விடயத்தை அறியாது. ஐந்தையும் ஒருங்கறிந்து 'யானே கண்டேன், யானே கேட்டேன்' என்று கூறுவது ஒன்று உண்டாகலின் அது ஐந்திற்கும் வேறு என்பது சித்தாந்தத்தின் துணிபு.

இதற்கு எதிர்வழக்கு வலியது. மூளை பழுதுற்றால் அறிவு பழுதுறுகின்றது. மயக்கமருந்து ஏற அறிவு மறைகின்றது. மது அருந்தியவன் புத்தி திரிகின்றது. எனவே மூளையின் தொழிலே அறிவு, வேறோர் அறிவான் வேண்டா என்பர். ஏனைய சில சமயத்தார்க்கு இவ்வினா இடர் விளைக்கலாம். உயிர் தானே முழுதும் ஒளியுடையது, உடம்பு அதற்கு வெறும் சிறை என்பார், சிறை இடிந்தால் ஒளி மிகுதலன்றிக் குறைதல் என்னை எனக் கேட்கப்படுவர். சித்தாந்தமோ அவ்வாறு கூறிற்றில்லை. ஆணவ மலத்தான் மறைப்புண்ட உயிர், கருவிகளைக் கூடாதவழிக் கேவல நிலையில் யாதும் அறியாது கிடக்கும். கருவி கூடியவழியே சிறிது விளங்கும். கருவி எத்தன்மைத்தோ அத்தன்மையாய் நிற்கும் என்பதே அதன் கொள்கை. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறுபோல உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். ஆதலின் மூளை கெட அறிவு கெடும் என்பது சித்தாந்தி மறுக்கவேண்டிய செய்தியன்று. அவன் கொள்கையின்படி எதிர்பார்க்கவேண்டிய செய்தி. இதனால் எதிர்வழக்குத் தோற்றது என்பதும் இல்லை. கருவி பழுதுறும்பொழுது தொழில் பழுதுறுதல், கருவியே கருத்தா என்னும் கொள்கைக்கும், கருத்தா வேறு என்னும் கொள்கைக்கும் ஒருங்கே ஒத்தலின், அது இரண்டில் எதனையும் துணியப் போதாது. பொறிக்காட்சியால் அளக்கப்படுவன கருவிகளே. அளப்பவனை அளக்கும் கோல் அதன்கண் இல்லை. அதற்குரிய அளவைகள் கருதலும் உரையும் ஆம். அவற்றிற்கு முன்னர், இன்பதுன்பங்களை உயிர் தானே உணரும் தன்வேதனைக் காட்சி உண்டு.

தன்வேதனைக் காட்சி என்பது ஏட்டளவில் நிற்கும் பாகுபாடு என எண்ணுவோர் வேலூரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை அறிதல் வேண்டும். 1914-இல் கொல்லிமலையிற் பிறந்து, இங்கிலாந்திற் கற்று, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கைகால்களைத் திருத்தும் பணியில் ஈடுபட்டார். அந்நோய் தசையை அழுகச்செய்து விரல்களை உதிர்க்கின்றது என்றே அக்காலத்து மருத்துவரும் பொதுமக்களும் நம்பினர். பிராண்டு ஒவ்வொரு புண்ணிற்கும் காரணம் யாதென நாள்தோறும் நோயாளரோடிருந்து கணக்கெடுத்தார். அந்நோய்க்கிருமி நரம்புகளைக் கெடுக்கின்றது. விரல்களை உதிர்ப்பது அதுவன்று. உணர்விழந்த கையால் அடுப்பினின்று விழுந்ததை நோயாளர் நேரே எடுத்தனர். துருப்பிடித்த பூட்டில் திறவுகோலைத் தோல் கிழியுமளவும் திருகினர். பாதத்தில் ஆணி ஏறியதறியாது காதங்கள் நடந்தனர். இரவில் விரல் குறைந்ததன் மருமத்தை ஆராயப் புகுந்து, துயிலுங்கால் எலி கடித்தது என்று கண்டு, நோயாளர்தோறும் பூனை வளர்க்கச் செய்தார். இவ்வாறு, பன்னூறாண்டுகளாக நோயின்மேலும், சில வேளை நோயாளரின் வினையின்மேலும் சுமத்தப்பட்ட கோரம், வலி என்னும் காவலன் இல்லாமையால் வந்தது என்பது வெளிப்பட்டது.

இதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. பிராண்டு பின்னாளில் அமெரிக்க நாட்டின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையிற் பணியாற்றுங்கால், வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தமறியும் பொறிகளை அமைத்து, அழுத்தம் மிகின் செவியில் ஓசை எழச்செய்தார். நோயாளர் ஓசையைக் கேட்டனர். ஆயினும் செய்தொழிலை நிறுத்திலர். ஓசைக்கு ஈடாக உணர்வுள்ள ஓரிடத்தில் மின்னதிர்ச்சி தரச்செய்தார். முறுக்காணியைத் திருகவேண்டியவர், முன்னர்க் கருவியை நிறுத்திவிட்டு, திருகிய பின்னர் மீளத் தொடக்கிக்கொண்டனர். முயற்சி கைவிடப்பட்டது. செய்தி குறைவின்றிச் சென்றது. செய்தியை வேண்டியபோது விலக்கத்தக்கதாய் இருந்தமையின் அது அவர்தம் வலியாகவில்லை. மேலும், நோயாளர் சிலர் தம் கையைத் தம்முடையதென்றே உணராது, ஒரு கோலைப்போற் பயன்படுத்தி வந்தனர் என்று பிராண்டு குறித்துள்ளார்.

'எனது கை, எனது உடல்' என்று வேற்றுமைப்படக் கூறுதலின் உடம்பின் வேறாய் ஆன்மா உண்டு என்பது சிவஞானபோதம் காட்டும் ஏதுக்களுள் ஒன்று. அவ்வேதுவின் மறுபக்கத்தை வேலூர்ச் செய்தி காட்டுகின்றது. உணர்வு நீங்கியபொழுது 'எனது' என்பதும் நீங்குகின்றது. உயிர் உடம்பின் வேறாயினும், அதனோடு நீக்கமின்றி நின்று தன்னதாகக் கொள்வதனாற்றான் உடம்பு உயிரின் உடம்பாகின்றது. இறைவனும் உயிரும் கலந்து நிற்கும் அத்துவித நிலைக்கு உடலும் உயிரும் போல என்று ஆசிரியர்கள் உவமை கூறியதன் ஆழம் இங்கே புலப்படும். வேறாய் நிற்றல் மாத்திரம் போதாது, ஒன்றாயும் உடனாயும் நிற்றல் வேண்டும் என்பது உணர்விழந்த ஒரு கையிலிருந்தே தெரிகின்றது.

ஐம்புலன்களைப் பகையென்றும் கள்வரென்றும் பழித்துரைப்பது சமய நூல்களிற் பெருவழக்கு. அவ்வழக்கை முழுதும் நம்பிப் பொறிகளை அடியோடு மரக்கச்செய்தலே தவம் என்று கொள்வாரும் உளர். வலியறியும் வாயில் பிறப்பிலேயே இல்லாதாரைப் பற்றி 2006-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வடபாகிஸ்தானத்தில் வீதிகளிற் கையிற் கத்தி செருகியும் தணலில் நடந்தும் வித்தைகாட்டிய சிறுவன் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. அவன் 14 வயது நிரம்புமுன்னர்க் கூரையினின்று குதித்து இறந்தான். அவனிடத்துத் துன்பம் வெல்லப்படவில்லை, அறிவிக்கப்படவே இல்லை. சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் ஐம்புலன்களை வேடராகவும், உயிரை அவர்பால் வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனாகவும் உருவகிக்கும். அவ்வுருவகத்தில் வேடர் குமாரனைக் கொன்றாரல்லர், வளர்த்தனர். அவரிடம் வளர்ந்திராவிடின், மீட்க வந்த தந்தை மீட்டற்குக் குமாரன் இரான். தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்குக் கொடுத்தது அருளினால் என்னும் கொள்கையோடு இதனை வைத்து எண்ணின், பொறிகளைப் பழித்த பாடல்கள் அவற்றின் வழிப்பட்டுத் தன்னை மறந்த நிலையைப் பழித்தனவே என்பது தெளிவாகும்.

கருவிகள் விடைகூறாதபொழுது கருத்தா உண்டோ இல்லையோ என்பது கற்றோர் அவையில் மாத்திரம் எழும் வினாவன்று. நோயாளி படுக்கையருகே நாள்தோறும் எழுவது. விபத்தில் தலையடிபட்டுக் கண்திறந்தும் யாரையும் அறியாது கிடக்கும் மகனைப் பார்த்து, 'இவன் இருக்கின்றானா' என்று தாய் கேட்கின்றாள். 2006-இல் ஆட்ரியன் ஓவன் என்பவரும் அவர்தம் குழுவினரும் இங்கிலாந்திற் செய்த சோதனை இவ்வினாவைத் தொட்டது. வீதி விபத்திற்குப்பின் ஐந்து திங்கள் எவ்வகை விடையும் தராதிருந்த 23 வயதுப் பெண் ஒருவரை, மூளையின் குருதியோட்டத்தைக் காட்டும் கருவியினுட் கிடத்தி, 'டென்னிஸ் ஆடுவதாக எண்ணுக' என்றும், 'வீட்டின் அறைகளில் நடப்பதாக எண்ணுக' என்றும் கூறினர். நலமுள்ளோர் அவ்வாறு எண்ணுங்கால் மூளையின் எவ்விடங்கள் தொழிற்படுமோ, அவ்விடங்களே அவரிடத்தும் தொழிற்பட்டன. கண்ணும் கையும் நாவும் மறுத்தன. சொல்லை ஏற்று எண்ணம் எழுந்தது. 2024-இல் பல நாட்டு மருத்துவமனைகளிற் செய்த பேராராய்ச்சியில், கட்டளைக்குப் புறத்தே எவ்விடையும் தராத 241 நோயாளருள் 60 பேர், நான்கில் ஒரு பங்கினர், இவ்வாறு உள்ளே விடை தந்தமை காணப்பட்டது. எஞ்சிய 181 பேரிடத்து அறிவு இல்லையென்று அச்சோதனை கூறவில்லை. அக்கருவியால் அறியப்படவில்லை என்றே கூறிற்று.

உயிரின் நிலைகளை வகுத்த சித்தாந்தம், நனவிற் 35 கருவிகளும், கனவிற் பொறிகள் பத்தும் நீங்க 25-உம், சுழுத்தியிற் சித்தம் பிராணன் புருடன் என்னும் மூன்றும், துரியத்தில் இரண்டும், துரியாதீதத்தில் ஒன்றுமாகக் குறைந்து வருதலைக் கூறும். எண்ணிக்கை குறையுந்தோறும் புறத்தார் காணும் அடையாளம் குறைகின்றது; மூச்சின் கருவியாகிய பிராணனும் ஒடுங்கிய துரியாதீதத்திலும் உயிர் கணக்கினின்று நீக்கப்படவில்லை. இவ்வெண்கள் மருத்துவக் கருவிகளோடு ஒத்துப்பார்த்தற்கு உரியனவல்ல. ஆயினும், விடையில்லாமையை இன்மையென்று கொள்ளலாகாது என்னும் விவேகம் அவ்வகுப்பினுள் அடங்கியிருத்தல் கருதற்பாலது. அவ்விவேகம் இல்லாதவழிப் படுக்கையருகே நின்று, கிடப்பவரை மரமெனக் கருதி, சொத்துப் பேச்சும் வெறுப்புச் சொல்லும் உரத்துப் பேசுவோர் உளராதலின், இது வெறும் தருக்கமாக முடிவதன்று.

பிறவியிலேயே கண்ணிலராகிய தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தறி நட்டுக் கயிறு கட்டித் தடவிச்சென்று அகழ்ந்தார். கண் பெற்ற பின்னர்த்தான் அவர் அடியாராயினார் என்று பெரியபுராணம் கூறவில்லை. கண்ணிலா நாளிலும் அவர் அகத்தே கண்டுகொண்டிருந்தார். கண் இருந்தும் ஒளியின்றிக் காணாது. ஒளியிருந்தும் உயிர் உடனின்று காணாதவழிக் காணாது. உயிர் தானும் இறைவன் காட்டியும் உடன்கண்டும் உதவாதவழி ஒன்றையும் காணாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவ்விரண்டனையும் ஆசிரியர்கள் பிரித்தோதுவர். பொறிகள் தம்மையும் அறியா, தம்மைச் செலுத்தும் உயிரையும் அறியா. அவ்வாறே உயிரும் தன்னைச் செலுத்தும் முதலை அறியாது நிற்கின்றது என்பது ஐந்தாஞ் சூத்திரத்தின் கருத்து.

சைவ இல்லங்களில் ஒருவர் இறுதியை அடையுங்கால், உறவினர் அருகமர்ந்து அவர் செவியில் திருவைந்தெழுத்தை மெல்ல ஓதுவர். கண் நிலைகுத்தி, கை குளிர்ந்து, அழைத்தால் ஓர் அசைவும் இல்லாத நிலையிலும் அவ்வோதல் நிறுத்தப்படுவதில்லை. கேளாத செவிக்கு ஓதுதல் பேதைமை என்று இளைஞர் சிலர் நகைத்ததுண்டு. 2020-இல் கனடா நாட்டு வான்கூவர் நகரில், இறுதிநிலை நோயாளர் இல்லம் ஒன்றில், உணர்வின்றிக் கிடந்தோர் தலையில் மின்னறிகருவி பொருத்தி ஓசைகளைக் கேட்பித்தனர். நலமுள்ள இளைஞர் மூளை அவ்வோசைகளின் மாற்றத்திற்கு எவ்வாறு விடை தந்ததோ, அவ்வாறே இறக்குந்தறுவாயிலிருந்த சிலர் மூளையும், இறுதி மணி நேரங்களிலும், விடை தந்தது. கேட்ட ஓசையை அவர் பொருளோடு உணர்ந்தனரோ என்பதை அவ்வாராய்ச்சியாளர் துணிந்திலர். துணிதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை. செவிப்புலன் திறந்திருந்தது என்பது மாத்திரம் தெரிந்தது. படுக்கையருகே ஓதிக்கொண்டிருப்பவர்க்கு அவ்வளவே போதுமானது.